தீபாவளிக்கு எடுத்த சாக்ஸ்

நாள் 211. காலை 06:10. பம்ப் நிலையம், கம்பம் 24.

சோதிப்பவர்: நாச்சிமுத்து, வயது ஐம்பத்து மூன்று, சொந்த ஊர் திருப்பூர். சோதனைப் பொருள்: மேற்படியாரின் கால்.

நேற்று ஓட்டம் இல்லை. வலது குதிகால் சரி. இடது குதிகால் சரி. சுண்டுவிரல் கொப்புளம் காய்ந்து தோல் உரிகிறது. தொடையின் உட்புறம் சிவப்பு தணிந்திருக்கிறது. மார்புக் காம்புகளைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம்.

இதைப் பின்னால் எடுத்துப் படிக்கப் போகும் புண்ணியவானுக்குச் சிறு விளக்கம். நிலாவில் எலும்பு கரையாமல் இருக்க எல்லோரும் தினம் ஒன்றரை மணி நேரம் ஓடியாக வேண்டும். இங்கே நம் எடை ஆறில் ஒன்று. சும்மா ஓடினால் கால் தரையில் பாவாது, மண்டை கூரையில் இடிக்கும். அதற்காக ஈயக்கட்டிகள் தைத்த நாற்பது கிலோ கச்சை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். எடை குறைந்ததே தவிர, ஓடிய வேகத்தில் கச்சை நிற்க மறுப்பது பூமியில் மறுப்பதைப் போலவேதான். நாம் நிற்போம், அது நிற்காது. தோளை உரிக்கும், அக்குளை அறுக்கும். காலும் ஷூவுக்குள் முன்னால் வழுக்கிப் போய் விரலால் முட்டும். எந்தச் சாக்ஸ், எந்தப் பனியன், எந்த ஜட்டி மனிதத் தோலைக் குறைவாகத் தின்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். முப்பது வருடம் பின்னலாடையின் தரம் பார்த்தவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். ஊரில் கேட்பவர்களிடம் என் மனைவி சுலோச்சனா "விண்வெளி ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். ஜட்டி விவகாரம் சம்பந்தி வீடு வரைக்கும் போகவில்லை.

மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் இந்தப் பம்ப் நிலையத்துக்கு வந்து ஓர் இரவு தங்கி வடிகட்டிகளை மாற்ற வேண்டும். பெரிய நிலையத்திலிருந்து இங்கே வரைக்கும் இருபத்து நான்கு கிலோமீட்டர் சுரங்கம், நேர்கோடு, உள்ளே காற்று உண்டு, கிலோமீட்டருக்கு ஒரு கம்பம், எண் நிலையத்திலிருந்து ஏறிக்கொண்டே வரும். தண்டவாளத்தில் சிறிய வண்டி. இந்த மாதம் என் முறை. பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பித் திரும்புகிறேன்.

06:55

இன்று தீபாவளி. மூன்று லிட்டர் வெந்நீரில் எண்ணெய் தேய்த்துக் குளித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். உள்ளங்காலில் நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்தேன். சரக்குக் கலத்தில் சுலோச்சனா அனுப்பிய புதுத்துணியை எடுத்து ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்தியாயிற்று. பனியன், அரைக்கால் சட்டை, ஜட்டி, சாக்ஸ், எல்லாம் சுத்தப் பருத்தி, எல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கு. இங்கே வந்த புதிதில் "ஓடுவதற்குப் பருத்தி ஆகாது" என்று அறிக்கை எழுதியதற்கு என் மச்சினன் இரண்டு மாதம் பேசவில்லை. அந்தக் கோபத்தில் தன் ஆலையிலேயே பின்னிக் கொடுத்தது.

நல்ல நாளில் அழுக்குத்துணி கிடக்கக் கூடாது என்று, கொண்டு வந்த பழைய சாக்ஸ் இரண்டு ஜோடியையும் சட்டையையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன்.

தொலைபேசி அடித்தது. டாக்டர் பெனடிக்டா. தூத்துக்குடிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என் கால்களைப் பற்றி உலகத்தில் என்னைவிட அதிகம் அறிந்தவர்.

"அண்ணாச்சி, தீவாளி வாழ்த்து! கங்கா ஸ்நானம் ஆச்சா? கங்கை எங்கிட்டு ஓடுது, பம்புக்குள்ளயா?"

"ஆச்சுங்க டாக்டரம்மா. புதுச் சாக்ஸெல்லாம் போட்டாச்சு."

"புதுசா? 'மூணு தடவ துவைக்காத புதுச் சாக்ஸைப் போட்டு ஓடாதே'ன்னு எங்க பாத்ரூம் கதவுல எழுதி ஒட்டுனது யாரு, உங்க பேயா?"

"நான் ஓடறதுக்கா போட்டேன்? வண்டில ஒக்காந்துட்டு வர்றதுக்குங்க."

"சரி சரி. இங்க சார் முறுக்கு கேக்காரு. கால்ல மாவுக்கட்டு, வாயில முறுக்கு."

சார் என்பது நிலையத் தலைவர் கோதண்டராமன். ஆண்டெனாவைச் சரிசெய்யும்போது விழுந்து கால் ஒடிந்ததாக அறிக்கை. உண்மையில் கூரையை எட்டி உதைக்க முடியுமா என்று என்னிடம் பந்தயம் கட்டினார். முடிந்தது. இறங்கியதுதான் சரியில்லை. நிலாவில் இப்போது நாங்கள் மூன்று பேர்தான்.

11:52

மின்சாரம் போய்விட்டது. பெரிய சத்தம் ஒன்று, பிறகு பம்ப் நின்றது. நான் இந்த அமைதியை இதற்கு முன் கேட்டதில்லை. வண்டி நகரவில்லை. அதற்குத் தண்டவாளத்தில் மின்சாரம் வேண்டும். எங்கோ காற்று சீறுகிறது. காது அடைக்கிறது.

12:06

தொலைபேசிக்குத் தனிக் கம்பி, அது உயிரோடு இருக்கிறது. கோதண்டராமன் பேசினார். அவர் குரலில் முறுக்கு இல்லை.

"நாச்சி, பதறாம கேளுப்பா. உன் பக்கத்துல சுரங்கத்தோட மூடி விரிசல் விட்டிருக்கு. காத்து மெதுவா போயிண்டிருக்கு. சூடு பண்ற குழாயும் செத்துடுத்து. அழுத்தம் பாதிக்கும் கீழ போனா நம்ம நிலையத்துக் கதவு தானா பூட்டிக்கும். அப்பறம் உள்ளேருந்தும் தெறக்க முடியாது, வெளியேருந்தும் தெறக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாத்தேன். சாயங்காலம் நாலு நாப்பது."

"விண்வெளி உடுப்பு?"

"எல்லாம் இங்க. தயார் பண்ணி மாட்டறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆகும்."

"வண்டி?"

"ஒண்ணுதானே இருக்கு. அது உங்கிட்ட."

டாக்டரம்மா தொலைபேசியை வாங்கிச் சொன்னார்: "ஓடி வாங்க அண்ணாச்சி. இதுக்குத்தான தினம் ஓடுதோம்."

இருபத்து நான்கு கிலோமீட்டர். நான்கரை மணி நேரம். மணிக்கு ஆறு கிலோமீட்டர் போனால் போதும், நடக்கிறவன்கூடப் போய்விடுவான். சுற்றியுள்ள பாறை மைனஸ் இருபது டிகிரி. சூடு நின்றால் சுரங்கமும் அதே குளிருக்கு இறங்கும்.

12:20

பத்து நிமிடமாகச் சாக்ஸ் முன்னால் நிற்கிறேன். உயிர் போகிற அவசரத்தில் சாக்ஸ் தேர்ந்தெடுத்த ஆள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பதினான்கு வகையில் முதலிடம் பெற்றது மெல்லிய கம்பளிக் கலப்பு. வியர்வையை வெளியே தள்ளும், குதிகாலைக் கவ்விப் பிடிக்கும், மடிப்பு விழாது. அந்த ஜோடி வாளியில் சோப்புத் தண்ணீரில் மிதக்கிறது. இரண்டாம் இடம் பெற்ற இரட்டை அடுக்கு ஜோடியும் அதே வாளியில். பிழிந்து போட்டால் ஈரம், குளிரில் முதல் ஒரு மணி நேரத்திலேயே கால் போகும். சாக்ஸே இல்லாமல் ஷூ போட்டால் மூன்று கிலோமீட்டரில் தோல் ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். மிச்சம் காலில் இருக்கிறதே, அதுதான். புதுப் பருத்தி, துவைக்காதது, ஆலையின் கஞ்சி இன்னும் மொறுமொறுவென்று. விரல் நுனியில் தடித்த தையல். இவ்வளவும் போதாதென்று காலையில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றி உள்ளங்காலைப் பூப்போல ஆக்கி வைத்திருக்கிறேன். ஒரு மனிதன் திட்டமிட்டாலும் இவ்வளவு தவறை ஒரே காலையில் செய்ய முடியாது.

செய்தவை: சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டேன், தையல் வெளிப்பக்கம் வரட்டும். மடிப்பில்லாமல் இழுத்துவிட்டேன். குதிகாலுக்கும் காம்புக்கும் மின்வேலைக்கு வைத்திருக்கும் டேப். தொடைக்கும் அக்குளுக்கும் மிச்சமிருந்த நல்லெண்ணெய். அரைக்கால் சட்டைக்கு மேல் வேலைச் சட்டை. ஈயக்கச்சை, தலை விளக்கு. பேசினால் எழுத்தாகும் இந்தப் பொறி கழுத்துப்பட்டையில்.

கிளம்புகிறேன்.

13:02. கம்பம் 20.

நான்கு கிலோமீட்டர். வெப்பம் 11 டிகிரி. வேகம் சரி. மூச்சு சற்று மேலே வாங்குகிறது.

இடது குதிகாலில் சூடு தெரிகிறது. கொப்புளம் வருவதற்கு முன்னால் வரும் அந்தச் சூடு. என் விதி எண் நான்கு: சூடு தெரிந்த உடனே நில், கழற்று, சரிசெய், பிறகு ஓடு. நின்றேன். டேப் சுருண்டு கயிறாகி அதுவே தோலை அறுத்துக்கொண்டிருந்தது. பிய்த்துப் புதிதாக ஒட்டினேன். ஐந்து நிமிடம் செலவு.

கம்பத்துக்குக் கம்பம் தொலைபேசிப் பெட்டி இருக்கிறது. எங்கே கைப்பிடியைச் சுழற்றினாலும் எல்லாக் கம்பத்திலும் மணி அடிக்கும். எந்தக் கம்பத்திலிருந்து அழைக்கிறார்களோ, எதில் எடுக்கிறார்களோ, அந்த எண்ணின் விளக்கு எதிர்முனையில் எரியும். நிலையத்துக்கு எண் பூஜ்யம்.

"நின்னு சரி பண்ணிட்டீங்கள்லா? நல்லது," என்றார் டாக்டரம்மா. "உங்க விதிய நீங்களே கேக்கது இதான் மொத தடவ."

13:44. கம்பம் 16.

4 டிகிரி. எண்ணெயை அரைக்கால் சட்டை முழுதாகக் குடித்துவிட்டது. தொடை தொடையோடு உரசுகிறது. பூமியிலேயே தொடை ஒட்டி நடக்கிற உடம்பு இது. சுலோச்சனா சொன்னாள், "போறதுக்குள்ள பத்துக் கிலோ கொறைங்க" என்று. நிலாவுக்குப் போனால் தானாகவே குறையும் என்றேன். பெரிய சிரிப்பு அன்றைக்கு.

கச்சையின் வலது பட்டை தோளில் பள்ளம் போட்டுவிட்டது. அதைக் கழற்றவும் முடியாது. கழற்றினால் துள்ளுவேன், துள்ளினால் ஒவ்வோர் இறக்கத்திலும் முழு உடம்பும் குதிகாலில்.

பின்னால் சீறல் கேட்கவில்லை. எட்டு கிலோமீட்டர் வந்துவிட்டேன், கேட்காதுதான். ஆனாலும் நான்கு தடவை திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருட்டு மட்டும். விளக்கு என் நெற்றியில் இருக்கிறது, எனவே நான் பார்க்கிற பக்கம் எல்லாம் வெளிச்சம், பார்க்காத பக்கம் எல்லாம் இருட்டு. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

14:35. கம்பம் 13.

மைனஸ் 3. இடது கொப்புளம் உடைந்துவிட்டது. உடைந்த நொடி தெரிந்தது, வெந்நீர் ஊற்றியது போல. வலதில் இரண்டு, பெருவிரலில் ஒன்று. மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் எடுத்திருக்கிறேன்.

சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தேன். சொட்டுச் சொட்டாக வியர்வை, கொஞ்சம் சிவப்பு. குடித்ததை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறது. மச்சினா, உன் சரக்கின் உறிஞ்சும் திறனுக்கு நூற்றுக்கு நூறு.

டாக்டரம்மா கேட்டார், "ஈரத்துக்கும் காலுக்கும் நடுவுல வைக்க எதாவது இருக்கா? பிளாஸ்டிக்?"

புதுத்துணி வந்த பாலிதீன் கவர் இரண்டைச் சட்டைப்பையில் திணித்து வைத்திருந்தேன். எதையும் தூக்கிப்போட மனசு வராத சாதி. கவரைக் காலில் மாட்டி அதன்மேல் சாக்ஸ்.

"சூடு நிக்குதா?"

"நிக்குதுங்க. ஆனா வழுக்குது. உள்ளாற கால் மீன் மாதிரி ஓடுது."

"மீனுன்னா எங்கூர்ப் பக்கம் வந்துரும். ஓடுங்க."

சிரித்தேன். சிரித்ததில் மூச்சு திரும்பவில்லை. ஒரு நிமிடம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று மெலிந்துவிட்டது.

மீதி பதிமூன்று கிலோமீட்டர், நூற்று இருபத்தைந்து நிமிடம். முடியும். கணக்கு சரியாகத்தான் வருகிறது. மூன்று தடவை போட்டேன்.

15:12. கம்பம் 10.

மைனஸ் 9. மூன்று கிலோமீட்டரை முப்பத்தேழு நிமிடத்தில். ஒவ்வோர் அடிக்கும் கத்திக்கொண்டு ஓடினேன். கெட்ட வார்த்தைகளை இந்தப் பொறி எழுதியிருந்தால் மன்னிக்கவும், என் பெயரை வேண்டுமானாலும் அழித்துவிடுங்கள். காம்பு இரண்டும் பனியனைச் சிவப்பாக்கிவிட்டன. யாரோ மார்பில் இரண்டு குங்குமப் பொட்டு வைத்தது போல் இருக்கிறது.

நல்ல செய்தி, வலது காலில் வலி நின்றுவிட்டது. அதைச் சந்தோஷமாகத்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

அவர் டாக்டர் குரலுக்கு மாறினார்.

"எந்தக் கால் அண்ணாச்சி?"

"வலதுங்க."

"எப்பத்திலேருந்து?"

"பன்னெண்டாவது கம்பம் தாண்டி... ஏனுங்க?"

"வெரல அசைங்க. அசையுதா?"

ஷூவைப் பார்த்தேன். அசைப்பதாக நினைத்துக்கொண்டேன். ஷூவுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கவர் ஒரு பக்கம் கிழிந்து, ஈரச் சாக்ஸ் விறைத்துத் தகடு மாதிரி இருந்தது.

இருநூற்றுப் பத்து நாளில் ஒரு தடவைகூட என்னைக் கிண்டல் செய்யாமல் அவர் தொலைபேசியை வைத்ததில்லை. இன்று வைத்தார். "நான் கதவுகிட்டயே நிக்கேன். நீங்க வந்துருங்க," என்றார். அவ்வளவுதான்.

எனக்கு இப்போதுதான் நிஜமான பயம் வந்தது. இதுவரை வந்தது எல்லாம் படபடப்பு. வலித்துக்கொண்டிருந்தவரை கால் என்னுடையது.

15:40. கம்பம் 8.

மைனஸ் 13. இரண்டு கிலோமீட்டர், இருபத்தெட்டு நிமிடம். வலது காலைக் கட்டையைப் போல வைத்து வைத்து எடுக்கிறேன். இரண்டு முறை விழுந்தேன். நிலாவில் மெதுவாக விழுவோம், விழுவதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும். யோசித்தேன்.

மணி சுழற்றினேன். வெகு நேரம் கழித்து எடுத்தார்.

"கதவுகிட்டதான் நிக்கீங்களா?"

"ஆமா, கதவுல சாஞ்சுட்டு நிக்கேன். நீங்க எங்க?"

மூச்சு வாங்கியது. என் மூச்சு என்று நினைத்தேன். என் மூச்சை அடக்கிக் கேட்டேன். அங்கிருந்து வந்தது நிற்கவில்லை.

பெட்டியில் எரிந்த விளக்கின் எண் பூஜ்யம் இல்லை. இரண்டு.

வைத்துவிட்டேன். பல்பு மாறியிருக்கும். கம்பி மாறியிருக்கும். பல்புதான்.

15:46. அதே கம்பம்.

மறுபடி சுழற்றினேன். இந்த முறை பூஜ்யம் எரிந்தது. கோதண்டராமன்.

"சார், டாக்டரம்மா எங்க?"

"நீ ஓடி வா, அப்பறம் பேசிக்கலாம்."

"சார்."

"சொல்லாதேன்னா. போய் அரை மணி ஆச்சுப்பா. கம்பளிச் சாக்ஸ் நாலு, உன் பெரிய ஷூ, காத்துக் குடுவை ஒண்ணு, எல்லாத்தையும் முதுகுல கட்டிண்டு. நான் இந்தக் காலோட எழுந்து புடிக்கவா முடியும்? நாச்சி, நீ ஓடு. நீ எவ்வளவு ஓடறியோ அவ்வளவு தூரம் அவ வர வேண்டாம்."

அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. இதுவரை என் உயிருக்கு ஓடினேன். அதில் ஒரு சுகம் இருந்தது. தோற்றால் என்னோடு போகும். இனி நான் பின்தங்கும் ஒவ்வோர் அடியும் அந்தப் பெண் கூடுதலாக எடுக்க வேண்டிய இரண்டடி. ஒன்று வர, ஒன்று திரும்ப.

15:55. கம்பம் 7.

ஒன்பது நிமிடம். எப்படி என்று தெரியாது. வலது குதிகாலில் ஷூவுக்குள் ஏதோ கழன்று ஆடுகிறது. பார்க்க மாட்டேன்.

மணி அவர்தான் அடித்தார். விளக்கு 3.

"எனக்குத் தெரியும். விளக்கு காட்டிக் குடுத்துருச்சு. திரும்புங்க."

"சார் உளறிட்டாரா?"

"திரும்புங்கறேன்! அம்மிணி, கணக்குத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நிலாவுல நீங்க பன்னண்டு கிலோ. அந்தக் கச்சையக் கழட்டிப் போட்டுட்டா எங்க வீட்டு அரிசி மூட்டைல பாதி. தூக்கிட்டு வந்துருவேன்."

"காத்தே இல்ல இங்க. தனியா நடக்கவே மூச்சு முட்டுது. தூக்கிட்டு ஆறு கிலோமீட்டரா?"

"அப்ப பேசாம ஓடி வாங்களேன் அண்ணாச்சி! பேசிட்டே நிக்கீங்க!"

வைத்துவிட்டார்.

கணக்கு. 16:05-க்கு அவர் நான்காவது கம்பத்தில் இருப்பார். அங்கிருந்து உடனே திரும்பினால், தனியாக, முழு மூச்சில் ஓடினால், கதவு பூட்டுவதற்குள் போய்விடலாம். நான்கைத் தாண்டினால் முடியாது. என்னைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தும் முடியாது.

16:05. கம்பம் 6.

மைனஸ் 16. கடைசி இருநூறு மீட்டரைக் கையூன்றித் தவழ்ந்து வந்தேன்.

மணி அடிக்கிறது. விளக்கு 4.

எடுக்கவில்லை.

எடுத்தால் வருவார். என்ன சொன்னாலும் வருவார். திட்டினாலும் வருவார், கெஞ்சினாலும் வருவார். என் குரல் கேட்டால் வருவார். கேட்காவிட்டால், செத்துவிட்டான் என்று முடிவு செய்து திரும்புவார். மருத்துவர். செத்தவனுக்காக யாரும் ஓட மாட்டார்கள்.

எண்ணினேன். மணி இருபத்து இரண்டு முறை அடித்தது. என் கை தானாக இரண்டு முறை பெட்டிக்குப் போனது. பிடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.

நின்றது.

தலை விளக்கையும் அணைத்துவிட்டேன். சுரங்கம் நேர்கோடு, வெளிச்சம் கண்ணில் பட்டுவிடும்.

16:10

இருட்டில் பேசுகிறேன். எழுத்து சரியாக வருகிறதா என்று தெரியாது.

ஷூவைக் கழற்றிவிட்டேன். பார்க்கவில்லை, தடவிப் பார்த்தேன். வலது கால் விரல்கள் சாக்ஸுக்குள் கூழாங்கல் போல இருக்கின்றன. சாக்ஸ் தோலோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. எது நூல், எது நான் என்று விரலுக்குத் தெரியவில்லை.

சுலோச்சனாவுக்கு: சாக்ஸ் மேல் குற்றம் இல்லை. மச்சினனிடமும் சொல்லு. துவைத்துப் பழக்கி, சாதாரணமாக நடந்துபோக நல்ல சாக்ஸ். நல்ல நாளென்று நான்தான் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

இப்போது அவர் மூன்றாவது கம்பத்தை நெருங்கியிருப்பார். நிலையத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார். அழுதால் மூச்சு போகும் என்று அழாமல் ஓடுவார். கெட்டிக்காரி. என்னைத் திட்டிக்கொண்டே ஓடட்டும்.

பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன். மிகவும் பயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் திரும்பிவிட்டாள் என்பதால் தாங்குகிற மாதிரி

16:12

வெளிச்சம்.

தூரத்தில், ஊசிமுனை அளவு. கண்ணின் கோளாறு என்று கண்ணை மூடித் திறந்தேன். இருக்கிறது. மேலும் கீழும் ஆடுகிறது.

ஓடுகிற ஆளின் நெற்றி விளக்கு. திரும்பி ஓடினால் தெரியாது. எதிரே வந்தால்தான் தெரியும்.

சுழற்றினேன். எடு. எடு. எடு தாயி. எல்லாக் கம்பத்திலும் அடிக்குமே, காதில் விழாதா?

விளக்கு 0.

"நாச்சியா? உயிரோட இருக்கியா? ஐயோ, ஏன்பா எடுக்கல? அவ எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'விழுந்துட்டாரு சார், எடுக்க முடியாம கெடக்காரு'ன்னா. 'காத்துக் குடுவய சீக்கிரம் குடுக்கணும்'னு, இருந்த பாரத்தையெல்லாம் கீழ போட்டுட்டு, முன்னவிட வேகமா..."

ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

16:14

விளக்கைப் போட்டேன். போட்டாலும் வருவார். அணைத்தாலும் வந்தார்.

கச்சையை அறுத்து எறிந்துவிட்டேன். ஷூ போட நேரம் இல்லை. எழுந்தேன். கால் இல்லை, ஆனால் நிற்கிறது. கத்தினேன், திரும்பு, திரும்பு என்று. இந்தக் காற்றில் என் குரல் என் காதுக்கே வரவில்லை. கையை ஆட்டினேன், போ போ என்று. தூரத்திலிருந்து பார்த்தால் வா வா என்றுதான் தெரியும். கையை இறக்கிவிட்டேன்.

ஓடுகிறேன். கூரை இடிக்கிறது. சாக்ஸ் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது

விழு

எழுந்தேன். அங்கே ஐந்தாவது கம்பத்தின் எண் பலகை அவள் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னியது. அணைந்தது.

ஐந்தையும் தாண்டிவிட்டாள்.